லியோனார்டின் இடது கை

புனேயில் கோர்படி ரயில்வே கேட் மூடியிருக்கும்போது வரிசையில் நிற்கிற ஆட்டோக்களில் ஒன்றிலாவது அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஹிந்திப் பாட்டு. ஒரு குடிகாரக் காதலன் தன் காதலிக்கு வரிசையாகச் சத்தியம் செய்துகொடுக்கிறான். நாளையிலிருந்து குடிக்க மாட்டேன் என்கிறான். உடனே பின்னாலிருந்து தேவாலயப் பாடகர் குழு ஒன்று நான்கு குரல்களில் சாந்தமாக 'ஆமென்' என்று பாடுகிறது. அந்தச் சாந்தம் அடங்குவதற்குள் அதன் தலையில் டிரம் இரண்டு முறை இடிக்கிறது. அடுத்து, நாளையிலிருந்து வேலைக்குப் போவேன் என்கிறான். ஆமென். டம் டம்.

படம் மூன்று நாள் ஓடியது. அதன் பெயர் அதில் நடித்தவர்களுக்கே இப்போது நினைவிருக்குமா என்பது சந்தேகம். பாட்டு மட்டும் புனேயை விட்டுப் போகவில்லை. ஜனங்கள் அதை 'ஆமென்வாலா கானா', ஆமென் வருகிற பாட்டு, என்கிறார்கள்.

அந்த ஆமெனை உண்டாக்கியவர் லியோனார்ட். உண்டாக்கியவர் என்பது அவருடைய சொல். பாடியவர் என்று சொல்ல வழியில்லை, அவர் பாடவில்லை. இயற்றியவர் என்றும் சொல்ல முடியாது. ஆமெனை யார் இயற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆனாலும் தான் இல்லாவிட்டால் அது இல்லை என்பதில் அவருக்கு ஐயமே கிடையாது. உலகத்தில் பாதிச் சண்டை இந்த மாதிரியான உறுதியிலிருந்துதான் வருகிறது.

லியோனார்டுக்கு வயது அறுபத்தொன்று. தேஹு ரோடு ராணுவ டிப்போவில் முப்பத்துநாலு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அங்கே ஒரு லாரி டயர் வெளியே போக ஏழு கையெழுத்து வேண்டும். அவருடையது ஐந்தாவது. நான்காவது ஆள் போட்டுவிட்டால் இவர் போட்டாக வேண்டும், இவர் போட்டும் ஆறாவது ஆள் போடாவிட்டால் டயர் அசையாது. இப்படி ஓர் இடத்தில் முப்பத்துநாலு வருஷம் உட்கார்ந்தவருக்கு வேறு எங்காவது ஓர் இடம் தேவைப்படத்தான் செய்யும். லியோனார்டுக்கு அது கோர்படித் தமிழ்த் திருச்சபையின் பாடகர் குழுவாக, சபை வழக்கில் சொன்னால் கொயராக, அமைந்தது. முப்பத்தோரு வருஷமாக அவர்தான் கொயர் மாஸ்டர். அங்கே பதினெட்டுப் பேர் அவர் கை அசையாமல் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலது கை தாளம் போடும். அது எல்லா கொயர் மாஸ்டருக்கும் உள்ளதுதான். இடது கை மார்புக்கு நேரே, உள்ளங்கை மேலே பார்க்க, அசையாமல் நிற்கும். பாட்டின் கடைசிச் சுரம் முடிந்து வலது கை இறங்கியதும் இடது கையின் நடு இரண்டு விரல்கள் மெதுவாக உள்ளே மடங்கும். அவ்வளவுதான், பதினெட்டுப் பேரும் ஆமென் பாடுவார்கள். இதைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் அவர்களுக்கே வந்துவிடும்.

"வீட்ல காப்பி வேணும்னாலும் அதே ரெண்டு விரலத்தான் மடக்குவாக" என்று அவர் மனைவி ஈனிட் கொயர்ப் பெண்களிடம் சொல்வார். ஈனிட் முதல் வரிசையில் நின்று மேல்குரல் பாடுகிற சொப்ரானோ. "என்ன, நான் மட்டும் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துருவேன்."

சினிமாப் பாட்டு என்றால் லியோனார்டுக்கு ஆகாது. ஆல்டோக் குரல் பாடும் ஆஷா என்ற பெண் தன் சித்தப்பா மகள் கல்யாண ரிசப்ஷனில் ஒரு சினிமாப் பாட்டைப் பாடிவிட்டாள் என்று மூன்று மாதம் கொயரிலிருந்து அவளை நிறுத்திவைத்தார். "சினிமாப் பாட்டுப் பாடுன தொண்டையக் கழுவ மூணு மாசம் ஆவும்" என்றார். எந்தக் கணக்கில் மூன்று மாதம் என்று யாரும் கேட்கவில்லை. டிப்போவில் அவரிடம் எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்டார்கள். இங்கே கேட்பதற்கு ஆளில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அவர் ஊழியம் என்று அழைத்தார்.

சபையைச் சேர்ந்த ஜெரோஷ் ஒருநாள் மாலை அவர் வீட்டுக்கு வந்தான். இருபத்தைந்து வயது. வாலிபர் ஞாயிற்றில் டிரம் வாசிப்பவன். மற்ற நாட்களில் ராம்பிரசாத் என்ற இசையமைப்பாளரிடம் கம்ப்யூட்டரில் ஏதோ செய்பவன். தமிழ் பேசுவான், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் வேறு வீட்டில் இரவல் வாங்கியது போலப் பேசுவான்.

"அங்கிள், ஒரு ஹெல்ப். எட்டு வாய்ஸ் வேணும். ரியல் சர்ச் சவுண்ட். லைக்... ஓல்ட்."

"ஓல்டா?"

"ஓல்டுனா பழசு இல்ல அங்கிள். ஹோலி."

"படத்துக்கா?"

"படம்தான். பட், சர்ச் சீன்."

அவன் பொய் சொல்லவில்லை. கதாநாயகன் குடித்துவிட்டு விழுகிற இடம் ஒரு தேவாலயப் படிக்கட்டுதான்.

"வார்த்தை என்ன?"

"வேர்ட்ஸே இல்ல அங்கிள். சும்மா 'ஆ'. லாஸ்ட்ல ஃபோர் பார்ஸ்."

வார்த்தை இல்லாத இடத்தில் பாவம் இருக்க முடியாது என்று லியோனார்ட் தீர்மானித்தார். இந்த மாதிரித் தீர்மானத்துக்கு அவருக்கு அரை நிமிஷம் போதுமாக இருந்தது. முப்பத்தோரு வருஷமாகத் தன் கொயரை யாராவது ஒரு மைக்கில் பிடித்து வைக்க மாட்டார்களா என்று அவர் உள்ளூர ஏங்கியிருந்தார் என்பதை அந்த அரை நிமிஷத்திலும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜெரோஷ் போனதும் ஈனிட் அடுப்படியிலிருந்து கேட்டார். "மூணு மாசம் தொண்டையக் கழுவணும்னு சொன்னிய?"

"வெறும் 'ஆ'வுக்கு என்னத்தக் கழுவ."

ஒலிப்பதிவுக்கூடம் கோத்ரூடில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் எட்டுப் பேரும் ஒரே வேனில் போனார்கள். ஈனிட், ஆஷா, கசார்வாடிப் பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கும், அடிக்குரல் பாடும் பேஸ்காரர் ஜெபகுமார், இன்னும் ஐந்து பேர். லியோனார்ட் ஒன்பதாவது. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை அணிந்திருந்தார். ராம்பிரசாத் அரைக்கால் சட்டையோடு மெஷின் முன்னால் உட்கார்ந்து தட்டில் போஹா என்கிற அவல் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பிடுவதை நிறுத்தாமலே நமஸ்தே சொன்னான்.

முதல் மூன்று டேக்கும் கெட்டுப்போயின. பாடியவர்கள் மேல் குறை இல்லை. லியோனார்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. தாளம் போடும்போது ஒவ்வொரு வரி தொடங்கும் முன்பும் மூக்கால் இழுத்து ஒரு மூச்சு விடுவார். அது ஆலயத்தின் உயரக் கூரையில் கரைந்துவிடும். இங்கே சுவரெல்லாம் பஞ்சு.

"பஹுத் அச்சா" என்றான் ராம்பிரசாத், "லேகின் அங்கிள்ஜி கீ நாக் ரெக்கார்ட் ஹோ ரஹீ ஹை."

அங்கிளின் மூக்கு பதிவாகிறதாம். எட்டுப் பேருக்கும் ஹிந்தி தெரியும். எட்டுப் பேரும் மேல்கூரையைப் பார்த்தார்கள். ஜெரோஷ்தான் மரியாதையாக மாற்றிச் சொன்னான்.

"அங்கிள், நீங்க கிளாஸுக்கு வெளிய வந்து நின்னா எல்லாருக்கும் இன்னும் நல்லாத் தெரியும்."

லியோனார்ட் வெளியே வந்தார். பாடுகிறவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம், ராம்பிரசாத்தின் போஹாத் தட்டுக்கு அருகே. அவர் மூச்சு இனி எங்கும் பதிவாகாது. அவர் குரலும் ஆகாது. மனக்குறையோடுதான் கையைத் தூக்கினார். ஆனால் தூக்கிய பிறகு அந்தக் கைக்குக் குறை எதுவும் தெரியவில்லை. நான்காவது டேக் நன்றாக வந்தது. நான்கு குரல்களும் ஒரு கயிறாகத் திரிந்து மேலே போய் நின்றன. கடைசி 'ஆ' முடிந்தது. வலது கை இறங்கியது. இடது கையின் இரண்டு விரல்கள் மெதுவாக உள்ளே மடங்கின.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எட்டுப் பேரும் ஆமென் பாடினார்கள்.

பாடி முடித்த பிறகுதான் ஆஷாவுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். லியோனார்டுக்குக் காது சிவந்துவிட்டது. "சாரி, சாரி. பழக்கம்" என்று ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் சொன்னார்.

ராம்பிரசாத் மெல்லுவதை நிறுத்தியிருந்தான். அதை இன்னொரு முறை செய்யச் சொன்னான். செய்தார்கள். நன்றாக இல்லை. ஐந்து முறை செய்தார்கள். ஒருவனைத் தும்மு என்று சொல்லித் தும்ம வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கடைசியில் அந்த முதல் ஆமெனையே வைத்துக்கொண்டான். அதை வெட்டி எடுத்துக் குடிகாரனின் ஒவ்வொரு சத்தியத்துக்குப் பின்னாலும் ஒட்டியதும் டிரம் இடியைப் போட்டதும் அதற்கப்புறம் நடந்த காரியம். அது இவர்களுக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு வடாபாவும் டீயும் கிடைத்தன. பெயர் போடுவதாக ஜெரோஷ் சொன்னான். போட்டார்கள். யூட்யூபில் பாட்டுக்குக் கீழே கித்தார் வாசித்தவன், ஒலி சேர்த்தவன், அவனுக்கு உதவியவன் எல்லோருக்கும் பிறகு கடைசி வரியில் 'கொயர்: புனே' என்று இருந்தது.

பாட்டு ஜூலையில் வந்தது. ஆகஸ்டில் ஊரெல்லாம் பரவியது. நாளைக்குக் கட்டாயம் வந்து பைப்பை மாற்றித்தருகிறேன் என்று பிளம்பர் சொன்னால் பக்கத்தில் நிற்பவர் ஆமென் என்று ராகத்தோடு பாடினார். மெட்ரோ வேலை தீபாவளிக்குள் முடிந்துவிடும் என்று ஒருவர் டிவியில் சொன்னதை யாரோ வெட்டி, அதன் வாலில் இந்த ஆமெனை ஒட்டி உலகத்துக்கே அனுப்பினார்கள். கணபதியைக் கரைக்கக் கொண்டுபோகிற விசர்ஜன ஊர்வலத்தில், லியோனார்டின் வீட்டுச் சன்னல் நடுங்க, லாரி நிறைய ஸ்பீக்கரோடு அது போயிற்று. குலால் வண்ணப்பொடி பூசிய ஆயிரம் பேர் ஆமென் என்று கத்திவிட்டு இரண்டு முறை குதித்தார்கள்.

லியோனார்ட் சன்னலைச் சாத்தினார். கதவையும் சாத்தினார். பிறகு படுக்கை அறையில் இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டு அதே பாட்டைக் கேட்டார். ஈனிட் துணி மடித்துவைக்க உள்ளே வந்தபோது அவருடைய இடது கை மார்புக்கு நேரே நின்றது.

"பேஸ் கொஞ்சம் லேட்டா எடுக்கான்" என்றார் லியோனார்ட், கண்ணைத் திறக்காமல்.

"ஆயிரம் பேரு வெளிய குதிக்கானுவ. அவனுவளுக்குத் தெரியல."

சபைப் போதகரைத் திருநெல்வேலி வழக்கப்படி எல்லோரும் ஐயர் என்றுதான் அழைப்பார்கள். இப்போது இருப்பவர் கார்ல் ஐயர். நாற்பது வயது, பயந்த சுபாவம், அதனால் கண்டிப்பானவர். விசர்ஜனத்துக்கு அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் லியோனார்டையும் ஜெபகுமாரையும் உள்ளறைக்குக் கூப்பிட்டார். யாரோ அவருக்கு வீடியோவை அனுப்பியிருந்தார்கள்.

"சார், இது நம்ம கொயர்னு சொல்லுதாங்க."

"ஐயா, நான் ஒரு சுரம் கூடப் பாடல" என்றார் லியோனார்ட். "நான் கண்ணாடிக்கு வெளிய நின்னேன்."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு மனிதர் முழுப் பொய் சொல்வதற்கு உண்மையைத் தவிர வேறெதுவும் தேவைப்படாத தருணங்கள் உண்டு.

ஐயர் ஜெபகுமாரைப் பார்த்தார். ஜெபகுமார் தரையைப் பார்த்தார். "அண்ணாச்சி கையப் பாத்துதான ஐயா நாங்க பாடுவோம். நாங்களா எதுவும் செய்யல."

ஆக, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றவரும் பாடவில்லை, அந்தப் பக்கம் நின்றவர்களும் எதுவும் செய்யவில்லை. ஆமென் தானாக வந்திருந்தது. ஐயர் ஜெபம் செய்து இருவரையும் அனுப்பிவைத்தார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அக்டோபரில் ஜெபகுமாரின் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவன் தன் போனில் அவரைப் படம் பிடித்தான். லேத் மெஷின் முன்னால் எண்ணெய்க் கறையோடு ஜெபகுமார் நிற்கிறார். "சேட் இந்தத் தீபாவளிக்கு போனஸ் கொடுப்பார்" என்று ஒருவன் மராத்தியில் சொல்கிறான். ஜெபகுமார் கண்ணை மூடி, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலில் ஆமென் என்கிறார். பின்னால் ஒருவன் இரும்புத் தகட்டை இரண்டு முறை அடிக்கிறான். ஒரு வாரத்தில் அதை எட்டு லட்சம் பேர் பார்த்தார்கள். ஒரு மராத்தி சேனல் பட்டறைக்கே வந்தது, பாட்டில் பாடியது நான்தான் என்று அவரைச் சொல்ல வைத்தது. அவருக்கு 'ஆமென் காகா', அதாவது ஆமென் சித்தப்பா, என்று பெயர் வைத்தது. கசார்வாடியில் கணபதி விழா நடத்தும் ஒரு மண்டல்காரர்கள் அவரை மேடையேற்றிச் சால்வை போட்டுத் தேங்காய் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் அறிமுகமில்லாத முகங்கள் வரத் தொடங்கின. ஜெபகுமாரோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள். காலேஜ் பெண் ஒருத்தி லியோனார்டிடமே வந்து ஆமென் காகா எங்கே என்று கேட்டாள்.

லியோனார்ட் அவளை நிறுத்திவைத்து ஹிந்தியில் விளக்கினார். அந்த ஆமென் உண்மையில் எப்படி உண்டானது, கை என்றால் என்ன, கொயர் என்பது ஓர் உடம்பு என்றால் அதற்குத் தலை எது. அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். ஜெபகுமார் வெளியே வந்ததும் தன் போனை லியோனார்டின் இடது கையில் கொடுத்து, "அங்கிள், ஏக் ஃபோட்டோ ப்ளீஸ்" என்றாள்.

எடுத்தார். இரண்டு எடுத்தார். முதலாவதில் ஜெபகுமார் கண்ணை மூடிவிட்டார்.

"நம்ம ஆமென் எங்கெல்லாம் போயிட்டு பாத்தியளா அண்ணாச்சி" என்றார் ஜெபகுமார்.

"நம்ம ஆமெனா?"

"பின்ன? நீங்கதான ஐயர்ட்ட சொன்னிய, ஒரு சுரம் கூடப் பாடலன்னு. இருந்தும் உங்களுக்குப் பாதி வச்சிருக்கேன்லா."

நவம்பர் நடுவில் மேலிடத்திலிருந்து ஐயருக்கு ஒரு கடிதம் வந்தது. ஆராதனையின் ஆமென் ஒரு குடிகாரப் பாட்டுக்குப் போனது எப்படி, அதற்குப் பொறுப்பான நபர் யார், பெயரை எழுதி அனுப்பவும். அந்த நபர் ஈஸ்டர் வரை கொயரில் எந்தப் பொறுப்பிலும் இருக்கக் கூடாது. சபைக் கமிட்டி கூடி ஒரு பெயரைத் தீர்மானிக்க வேண்டும். ஒரே ஒரு பெயர்.

கமிட்டி கூடிய அன்று காலையில் ஈனிட் தோசைத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இங்க பாருங்க. நீங்க இன்னைக்கு வாயத் திறக்க வேண்டாம். அவரு டிவியிலயே சொல்லிட்டாரு, நான்தான் பாடுனேன்னு. ஐயரு அவரு பேரை எழுதிட்டுப் போவாரு. கிறிஸ்மஸ் உங்க கையில இருக்கும்."

"எல்லாரும் அது அவன் ஆமென்னு நினைக்கானுவ."

"நினைக்கட்டுமே. மாட்டப்போறதும் அவருதான."

"அது அவன் ஆமென் இல்ல ஈனிட்."

"சரி, உங்களுதுதான். ஊரு பூரா உங்களுதுன்னு சொல்லி, கொயர் இல்லாம வீட்ல உக்காந்து யாருக்குக் கை காட்டப் போறிய? எனக்கா?"

லியோனார்ட் தோசையைப் பிட்டார். ஈனிட் சொன்னது சரி என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. கொயர் போனால் அவருக்கு மிச்சம் இருப்பது ஒரு பென்ஷனும் ஒரு சன்னலும்தான். டிப்போவில் ஐந்தாவது கையெழுத்துக்காரராக இருந்தபோது, மேலே இருப்பவனும் கீழே இருப்பவனும் ஏசும்போது சும்மா இருப்பது எப்படி என்று முப்பத்துநாலு வருஷம் பழகியவர் அவர். இன்று ஒரு மணி நேரம் சும்மா இருந்தால் போதும்.

முக்கால் மணி நேரம் சும்மா இருந்தார். ஐயர் கடிதத்தைப் படித்தார். கமிட்டிக்காரர்கள் ஆமெனின் பரிசுத்தத்தைப் பற்றி ஒவ்வொருவராகப் பேசினார்கள். அவர்களில் இருவருடைய ரிங்டோன் எது என்பது லியோனார்டுக்குத் தெரியும். அதற்கும் சும்மா இருந்தார். ஐயர் ஜெபகுமாரைக் கேட்டார்.

ஜெபகுமாருக்குச் சால்வையும் வேண்டும், தண்டனையும் வேண்டாம். ஆனால் எட்டு லட்சம் பேர் பார்த்ததை எப்படி மறுப்பது? "நான் பாடுனேன் ஐயா. டிவில சொன்னதுதான். அது என் குரல்தான்" என்றார். சொல்லும்போதே குரல் சற்று நிமிர்ந்துகொண்டது.

ஐயர் பேனாவைத் திறந்தார். பொறுப்பான நபர் என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்து, 'ஜெ' என்று எழுதினார்.

லியோனார்ட் எதிரிலிருந்து தலைகீழாக அந்த எழுத்தைப் பார்த்தார். அதுவரை ஆட்டோவிலும் டிவியிலும் தேங்காயிலும் போனதெல்லாம் காற்றில் போனது. இது காகிதம். காகிதத்தில் ஏறிவிட்டால் இறக்க முடியாது என்பது அவர் வாழ்க்கையில் உறுதியாகக் கற்றுக்கொண்ட ஒரே பாடம்.

"ஐயா, நிறுத்துங்க" என்றார். "அது அவன் ஆமென் இல்ல."

"சார், நீங்கதான அன்னைக்கு—"

"நான் பாடல. இன்னைக்கும் சொல்லுதேன், நான் பாடல. ஆனா இவன் என் கையில்லாம ஞாயித்துக்கிழமை தும்மக்கூட மாட்டான். அது என் கை. ஜெரோஷக் கேளுங்க."

ஐயர் ஜெரோஷுக்குப் போன் போட்டு மேஜை நடுவில் வைத்தார். அவன் எங்கோ போக்குவரத்தில் நின்றிருந்தான்.

"ஜெரோஷ், அந்தப் பாட்டுல லியோனார்ட் சார் இருக்காங்களா?"

"வாய்ஸ் இல்ல ஐயா. ஆக்சுவலி... அங்கிளோட ஹேண்ட் இருக்கு."

"பாட்டுல எப்படிப்பா கை இருக்கும்?"

"இருக்கு ஐயா. அதனாலதான் அந்த ஆமென் வந்துச்சு. பட், கேட்டா தெரியாது."

போனில் பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டால் தெரியாத அந்தக் கையை ஒரு முறை பார்த்தார்கள். அது மேஜை மேல், டீ கிளாஸ் பக்கத்தில், உள்ளங்கை மேலே பார்க்க இருந்தது.

"அப்ப பொறுப்பு உங்களுது" என்றார் ஐயர்.

"ஆமா" என்றார் லியோனார்ட். குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் போலச் சொல்லவில்லை. பந்தியில் நீங்கள்தானே பெண்ணின் அப்பா என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார்.

ஐயர் 'ஜெ'யை அடித்தார். லியோனார்ட் என்று முழுதாக எழுதினார். ஈஸ்டர் வரை லியோனார்ட் கொயருக்கு வெளியே. கிறிஸ்மஸ் வரைக்கும் அதற்குப் பிறகும் ஜெபகுமார் நடத்துவார். ஆமென் இனிப் பாடப்படாது. பாட்டு முடிந்ததும் சபையார் எல்லோரும் வாயால் சொன்னால் போதும். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஐயர் கேட்டார்.

லியோனார்ட் கை தூக்கினார். "அந்தக் கடிதத்துக்கு ஒரு நகல் கிடைக்குமா ஐயா?"

கிடைத்தது. அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பென்ஷன் காகிதங்களோடு பீரோவில் வைத்தார். அந்தப் பாட்டோடு தன் பெயரைச் சேர்த்துச் சொல்லும் ஒரே ஆவணம் உலகத்தில் அதுதான். ஈனிட் அதை ஒரு முறை படித்தார்.

"திட்டித்தான எழுதிருக்காக?"

"பேர் சரியா எழுதிருக்காக" என்றார் லியோனார்ட்.

இரண்டு வாரம் அந்தக் காகிதம் போதுமாக இருந்தது, ஆலயப் பக்கம் அவர் போகவில்லை. மூன்றாவது வாரம் சனிக்கிழமை மாலை ஈனிட் பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒத்திகைக்குக் கிளம்பியபோது, வாசலில் நின்று அவர் தெருத்திருப்பம் வரை போவதைப் பார்த்தார் லியோனார்ட். பிறகு உள்ளே வந்து உறையைப் பிரித்துக் கடிதத்தைப் படித்தார். அது அன்று கொஞ்சம் சின்னக் கடிதமாகத் தெரிந்தது. கமிட்டியில் ஒரு மணி நேரம் வாயை மூடியிருந்தால் இப்போது எங்கே நின்றிருப்போம் என்று யோசித்தார். ஆனால் அந்த 'ஜெ' கண்ணில் வந்ததும் யோசனையை நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் டிசம்பரின் முதல் ஞாயிறு. லியோனார்ட் இடது பக்கம் நான்காவது பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக ஆலயத்தைச் சபையார் உட்காருகிற இடத்திலிருந்து பார்த்தார். கொயருக்கு முன்னால் ஜெபகுமார் நின்றார். சட்டைக்கு மேல் புதுக் கோட்டு. பின் வரிசைகளில் வாலிபர்கள் வழக்கத்தைவிட அதிகமாக வந்திருந்தார்கள், ஆமென் காகாவைப் பார்க்க.

ஜெபகுமார் மோசமாக நடத்தினார் என்று சொல்ல முடியாது. தாளம் சற்று ஓடியது, அவ்வளவுதான். பதினேழு பேரும் புத்தகத்தைப் பார்த்தும் பாடினார்கள், அவரைப் பார்த்தும் பாடினார்கள். கடைசிச் சரணம் முடிந்தது. ஜெபகுமாரின் வலது கை இறங்கியது. இடது கையை அவர் ஐயருக்குப் பயந்து முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். இனி ஐயர் 'ஆமென்' என்று சொல்ல வேண்டும், சபை சொல்ல வேண்டும். ஐயர் வாயைத் திறக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டார்.

அந்த ஒரு நொடியில் பதினேழு ஜோடிக் கண்களும் ஜெபகுமாரைத் தாண்டிப் போயின. எங்கே போவது என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். நான்காவது பெஞ்சில், பாட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில், லியோனார்டின் முழங்கால் மேல் ஓர் இடது கை உள்ளங்கை மேலே பார்க்க இருந்தது. அதன் நடு இரண்டு விரல்கள் மெதுவாக உள்ளே மடங்கின.

கொயர் ஆமென் பாடியது. நான்கு குரலும் சேர்ந்து, எங்கும் பிசிறு இல்லாமல், கோத்ரூடில் அன்று ஒரே ஒரு முறை வந்தது போலவே வந்தது. பேஸ் மட்டும் கொஞ்சம் மெலிந்திருந்தது, ஜெபகுமார் பாடவில்லை.

அது அடங்குவதற்குள் பின் வரிசையில் யாரோ பெஞ்சில் இரண்டு முறை தட்டினார்கள். டம் டம். வாலிபர் பக்கம் முழுதும் தோள் குலுங்கிற்று.

கார்ல் ஐயர் ஜெபகுமாரைப் பார்த்த பார்வையை ஜெபகுமார் வெகு நாள் மறக்க மாட்டார். சபை முழுதும் ஜெபகுமாரைத்தான் பார்த்தது. ஈனிட் மட்டும் முதல் வரிசையிலிருந்து நான்காவது பெஞ்சைப் பார்த்தார். லியோனார்ட் கையைக் கோட்டுப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தபோது ஜெபகுமார் ஐயரையும் இழுத்துக்கொண்டு வந்து நின்றார். முகம் வேர்த்திருந்தது.

"ஐயா, நான் கையே காட்டல. என் கை பின்னால இருந்துச்சு, எல்லாரும் பாத்தாக. இது அண்ணாச்சி வேலை. கேளுங்க."

படம் எடுக்க வந்தவர்கள் போனைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்கள். ஐயர் லியோனார்டைப் பார்த்தார். கிறிஸ்மஸுக்கு மூன்று ஞாயிறுதான் இருந்தது. கொயர் யார் சொல்லையும் கேட்காமல் ஆமென் பாடுகிறது என்று இன்னொரு கடிதம் மேலே போனால் தன் கதி என்ன என்ற கவலை அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"சார், நீங்களா?"

ஈனிட் படியிறங்கி வந்து பக்கத்தில் நின்றார். லியோனார்ட் ஐயரையும் ஜெபகுமாரின் புதுக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா" என்றார், "நான் ஒரு சுரம் கூடப் பாடல."

ஈனிட் தன் பாட்டுப் புத்தகத்தை அவரிடம் நீட்டினார். லியோனார்ட் அதை வலது கையால் வாங்கிக்கொண்டார். இடது கை பாக்கெட்டிலேயே இருந்தது.